சத்தம் அடங்கும்வரை

குழம்பு கொதிக்கும்போது அதற்குள் போன பொருள்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்கின்றன. புளி தூக்கலாகிவிட்டால் ஒரு துண்டு வெல்லம், காரம் கூடிவிட்டால் கொஞ்சம் தேங்காய்ப்பால். மறுநாள் சுண்டவைத்தால் முதல் நாளின் குறையே காணாமல் போயிருக்கும். மிக்சருக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. காராபூந்தி தனியாக வெந்தது. ஓமப்பொடி தனியாக வெந்தது. அவல் தனியாகப் பொரிந்தது. நிலக்கடலைக்கு ஒரு பதம், பொட்டுக்கடலைக்கு வேறு பதம், கறிவேப்பிலைக்கு இன்னொன்று. எல்லாம் முடிந்த பிறகுதான் அகலமான தாம்பாளத்தில் ஒன்றாகக் கொட்டுகிறோம். கொட்டிய பிறகு எதையும் வேகவைக்க முடியாது. கருகிய கடலை கடைசிவரை கருகிய கடலைதான். எண்ணெய் குடித்த அவலை எந்தப் புளியும் வெல்லமும் காப்பாற்றாது.

வீட்டில் மிக்சர் செய்வதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக இருக்கும் ஆசைக்கு இதுதான் காரணம். பலகார வரிசையில் அதற்கு மரியாதை குறைவு. அதிரசம் பதமாக வந்தால் தெருவே பேசும். கைமுறுக்கில் சுற்று விலகாமல் இருந்தால் அதைச் சுற்றியவரின் பெயர் அடுத்த கல்யாணம்வரை நிற்கும். மிக்சரை யாரும் அப்படிக் கொண்டாடியதில்லை. இனிப்புக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி, காபிக்கு முன்னால் ஒரு கிண்ணம் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு பொருளையும் அதன் போக்கில் தனித்தனியாக முழுமைக்குக் கொண்டுவந்து, ஒன்றின் குறையை இன்னொன்றின் மீது ஏற்றாமல், கடைசியில் ஒரே உப்பின் கீழ் சேர்க்கும் வேலை இது. இதைவிடக் கண்டிப்பான சமையலை நான் பார்த்ததில்லை.

விருதுநகரில் என் அத்தை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார். "நெறத்தப் பாத்து எடுக்காத. நெறம் ஏமாத்தும். சத்தம் அடங்கட்டும், பெறகு எடு" என்பார். கடலைமாவு எண்ணெயில் விழுந்ததும் எழும் அந்தச் சலசலப்பு மாவின் சத்தமல்ல, மாவுக்குள் இருக்கும் தண்ணீரின் சத்தம். எண்ணெயின் சூடு 170, 180 டிகிரி. தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகிறது. மாவுக்குள் மாட்டிய தண்ணீர் ஆவியாகி வெளியே முட்டிக்கொண்டு வரும் வழிதான் நுரை. அந்த ஆவி வெளியேறும் வேகம் இருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழைவதும் தடுக்கப்படுகிறது. நுரை சிறுத்து, சலசலப்பு மெலிந்து, சட்டி கிட்டத்தட்ட மௌனமாகும்போது உள்ளே தண்ணீர் அநேகமாக மிச்சமில்லை என்று பொருள். அதற்கு முன்னால் எடுத்தால் அன்றைக்கு மொறுமொறுப்பாக இருந்தாலும் இரண்டாம் நாள் நமத்துப்போகும். அதற்குப் பின்னும் விட்டுவைத்தால் எண்ணெய் உள்ளே இறங்கும், நிறம் கறுக்கும். எடுக்க வேண்டிய இடைவெளி மிகக் குறுகியது. அதைக் காதால் பிடித்தவர்களுக்கு வெப்பமானி வேண்டியதில்லை.

இந்த விதிக்கும் விலக்கு உண்டு. நிலக்கடலையில் தண்ணீர் குறைவு என்பதால் அது பூந்தியைப் போலப் பேசாது. அதை நிதானமான தீயில் பொரித்து, வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே அரித்து எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் உள்சூட்டில் அது சிவந்துகொண்டே இருக்கும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டுத் தோல் நீங்கி வந்தது. எண்ணெயைக் காட்டி எடுத்தால் போதும், கொஞ்சம் தாமதித்தால் பல்லை உடைக்கும். அவலில் கெட்டி அவல்தான் இதற்கு ஆகும். கம்பி வடிதட்டில் போட்டு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் அமிழ்த்தினால் சில நொடிகளில் பூத்து எழும். எண்ணெய் காயாமல் போட்டுவிட்டால் பூக்காது, எண்ணெயைக் குடித்துக் கல்லாகிவிடும். கறிவேப்பிலையைக் கழுவித் துணியில் ஒற்றி நிழலில் ஆறப்போடாமல் சட்டியில் போட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்க வேண்டியிருக்கும். மிக்சரில் போகும் எல்லாவற்றிலும் அதிகமாகச் சத்தம் போடுவதும் அதுதான், சீக்கிரம் அடங்குவதும் அதுதான்.

ஓமப்பொடியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மிக்சரின் மணம் அதிலிருந்துதான் வருகிறது. கடலைமாவு மூன்று பங்கு, அரிசிமாவு ஒரு பங்கு. ஓமத்தை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிய தண்ணீரைத்தான் மாவில் ஊற்றிப் பிசைய வேண்டும். அரைத்ததை அப்படியே சேர்த்தால் ஓமத்தின் தோல் அச்சின் நுண்ணிய கண்களில் போய் அடைத்துக்கொள்ளும். குழலைப் பாதியில் திறந்து ஊசியால் குத்திக்கொண்டிருப்பதற்குள் சட்டி புகைய ஆரம்பித்துவிடும். பூந்தியின் தொல்லை வேறு. கரைத்த மாவு கெட்டியாக இருந்தால் ஒவ்வொரு முத்துக்கும் வால் முளைக்கும். நீர்த்திருந்தால் முத்து உருளாமல் தட்டையாகும். ஒவ்வொரு ஈடு முடிந்ததும் பூந்திக் கரண்டியின் அடிப்புறத்தைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஈடு கட்டிகட்டியாக விழும். இவ்வளவு பாடுபட்டு உருட்டிய முத்தைத் தின்கிறவர் யாரும் எடுத்துப் பார்த்து வியக்கப்போவதில்லை. என்றாலும் வாலில்லாத பூந்தி வாயில் உருளும் விதமே வேறு.

மாவே நம் கையில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. கடலைப்பருப்பு வாங்கி, வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைப்பது பெரிய காரியமல்ல. கடலைமாவில் விலை மலிந்த கேசரிப்பருப்பைக் கலப்பது இந்தியாவில் பழைய மோசடி. அதைத் தொடர்ந்து அதிகம் உண்பவர்களின் கால்களை முடக்கும் என்பதால் 1961இலேயே அந்தப் பருப்பின் விற்பனைக்குத் தடை வந்தது. அரைக்கக் கொடுக்கும்போது முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. மிளகாய் வற்றல் அரைத்த கையோடு நம் பருப்பு உள்ளே போனால் அந்த வருட ஓமப்பொடி தும்மவைக்கும். "அரிசி ஓடட்டும்ணே, அதுக்குப் பெறகு எங்களத போடுங்க" என்று மில்லில் காத்து நிற்பவர்களை இன்னும் தென்மாவட்டங்களில் பார்க்கலாம்.

மிக்சர் செய்யும் காலமே அதற்கு எதிரானது. தீபாவளி வருவது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, காற்றில் ஈரம் தொங்கும் நேரம். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாத அந்த மாதத்தில், மொறுமொறுப்பை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு தின்பண்டத்தைச் செய்து மூன்று வாரம் காப்பாற்ற வேண்டும். எண்ணெயில் பொரிந்து வந்த பூந்தியில் தண்ணீரின் பங்கு நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான். அது சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே ஆறவைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சூட்டோடு டின்னில் அடைத்தால் ஆவி மூடியில் வேர்த்து உள்ளேயே சொட்டும். ஆறட்டும் என்று இரவெல்லாம் திறந்து வைத்தால் மழைக்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். கை பொறுக்கும் சூடு போய், தொட்டால் குளிர்ந்திருக்கிற அந்த வேளையில் அடைத்துவிட வேண்டும். உப்பும் மிளகாய்த்தூளும் பெருங்காயமும் சேர்த்து நைசாகப் பொடித்த பொடியைத் தூவுவதற்கு உரிய நேரம் அதற்குக் கொஞ்சம் முன்னால், இளஞ்சூட்டில். அப்போதுதான் மேற்பரப்பில் இருக்கும் எண்ணெயில் அது ஒட்டும். ஆறிய பின் தூவினால் உப்பு முழுக்க டின்னின் அடியில் போய்ச் சேரும். அடிக்கைப்பிடி மட்டும் உப்புக்கரிக்கும்.

ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரே டின்னுக்குள் இருக்கும் பொருள்கள் தமக்குள் ஈரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. உலர்திராட்சை பார்ப்பதற்குத்தான் காய்ந்தது, அதன் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு தண்ணீர். அதைப் பொரித்த அவலோடு சேர்த்து மூடிவைத்தால், இரண்டின் வறட்சியும் சமநிலைக்கு வரும்வரை ஈரம் திராட்சையிலிருந்து அவலுக்கு நகரும். சில நாளில் திராட்சை இறுகிவிடும், அவல் துவண்டுவிடும். இரண்டும் கெட்டன. சரியாகப் பொரியாத பூண்டும் இதையே செய்கிறது. தோலோடு நசுக்கிப் போட்ட பூண்டுப் பல்லின் நடுவில் கொஞ்சம் பச்சை இருந்தாலும் போதும், அது முழு டின்னையும் கெடுக்கும். கலவையின் ஆயுள் அதிலுள்ள மிகப் பக்குவமான பொருளால் தீர்மானிக்கப்படுவதில்லை. அரைகுறையாக விடப்பட்ட பொருள்தான் அதைத் தீர்மானிக்கிறது. அத்தை பூண்டை மட்டும் கடைசியில், அவசரப்படாமல், யாரோடும் பேசாமல் பொரித்ததன் அர்த்தம் எனக்கு மிகப் பின்னால்தான் விளங்கியது.

நிலக்கடலையைப் பொறுக்குவதும் அப்படியொரு வேலை. முறத்தில் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் எடுத்து எறிய வேண்டும். கசக்கும் ஒரு கடலை வாயைக் கெடுக்கும் என்பதால் மட்டுமல்ல. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மடிந்தன. காரணத்தைத் தேடிப்போனவர்கள் அவற்றின் தீவனத்தில் இருந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றார்கள். அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அதில் விளைவித்திருந்த நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரலைத் தாக்கும் நஞ்சு. வறுத்தாலும் பொரித்தாலும் முழுவதுமாகப் போகாது. ஆகவே முறத்துக்கு முன்னால் கழியும் அரைமணி நேரம் அடுப்புக்கு முன்னால் கழியும் மூன்று மணி நேரத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

அந்தக் கடலை வந்த வழியையும் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. தென்னமெரிக்காவின் செடி அது. வடமாவட்டங்களில் அதை மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் விளைந்த கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பலேறி, அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. குடியாத்தம் பகுதியில் பயிராகிவந்த கொத்துக்கடலையிலிருந்து திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்து 1940இல் வெளியான டி.எம்.வி. 2 ரகம் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் மானாவாரி நிலங்களை ஆண்டது. முந்திரி பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. இன்று பண்ருட்டிக்காரர் அதைத் தம் ஊர்ச் சொத்தென்று சொல்லும்போது யாரும் மறுப்பதில்லை. மிளகாயும் அதே கடல்வழியில் வந்தது. பெருங்காயம் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது. 2020இல்தான் இமாசலத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் அதைப் பயிரிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இத்தனை புதியவர்களுக்கு நடுவில் மிகப் பழைய உறவு அவல். குறுந்தொகையில் தொண்டியூர்ப் பெண்கள் பச்சை நெல் அவலை இடித்து முடித்து, உலக்கையை வரப்பின் மேல் படுக்கவைத்துவிட்டு விளையாடப் போகிறார்கள். சங்ககாலத்துப் பெண் இடித்த அவலும், கொலம்பசுக்குப் பிறகு உலகம் சுற்றி வந்த கடலையும் ஒரே எண்ணெயில் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிந்து ஒரே தாம்பாளத்தில் விழுகின்றன. ஒரு பண்டம் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று பார்த்து அதை நம்முடையதா இல்லையா என்று முடிவுகட்டுகிறவர்கள் ஒருமுறை மிக்சர் செய்து பார்க்கலாம்.

தமிழர் போன இடங்களிலெல்லாம் இதன் உறவுகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் நிலக்கடலைக்குக் கச்சான் என்று பெயர். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனவர் கச்சான் கடையில் நிற்காமல் வீடு திரும்பினால் திருவிழா பார்த்ததாகவே கணக்கில்லை. அந்த ஊர் மிக்சரில் முறுக்குத் துண்டும் கடலையும் மரவள்ளிச் சீவலும் சேரும், காரம் நம்முடையதைவிடத் துணிச்சலானது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கச்சாங் பூத்தே விற்றவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். ஈப்போ நகரின் புந்தோங் பகுதி அதற்கு இன்றும் பேர்போனது. திரையரங்க வாசல்களில் தட்டை வைத்துக்கொண்டு, வறுத்த கடலை, அவித்த கடலை, பட்டாணி, சர்க்கரை பூசிய கடலை, முறுக்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்திருப்பார்கள். வந்தவர் விரலால் காட்டியதைக் காட்டிய அளவில் காகிதக் கூம்பில் போட்டுக் கொடுப்பார்கள். கலவை அங்கே முன்கூட்டி முடிவாவதில்லை. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில், அந்த நிமிடத்தில் உண்டாகிறது. மிக்சரின் இயல்புக்கு இதைவிடப் பொருத்தமான விற்பனை முறையை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

நடப்பதற்கென்று செய்யும் கலவைக்கு வேறு கணக்கு. பிப்ரவரியிலிருந்து மே வரை கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறுகிறவர்கள் தோள்பையில் என்ன கொண்டுபோகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். எண்ணெயில் பொரித்த மிக்சர் ஏற்றத்தில் உதவாது. தாகம் எடுக்கும், நெஞ்சைக் கரிக்கும், பையில் நசுங்கித் தூளாகும். வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, கொஞ்சம் முந்திரி, உலர்திராட்சை, பனங்கற்கண்டு, இவ்வளவுதான் வேண்டும். நிலக்கடலையின் எடையில் பாதி எண்ணெய், கால்பங்கு புரதம். 100 கிராமில் 560 கலோரிக்கும் மேல் இருக்கிறது. அது மெதுவாக எரியும். திராட்சையும் கற்கண்டும் உடனே எரியும். செங்குத்துப் படிகளில் தொடை நடுங்கும்போது உடனே எரிவது வேண்டும், அடுத்த மலைக்கு மெதுவாக எரிவது வேண்டும். ஜெர்மானியர் பாதாமும் உலர்திராட்சையும் கலந்து மாணவர் தீனி என்று வைத்திருப்பதும், அமெரிக்க மலையேறிகள் கடலையும் திராட்சையும் கலப்பதும் இதே கணக்கில்தான்.

இங்கே திராட்சையின் ஈரம் கெடுதல் செய்யாது. பொரித்த பூந்தியும் அவலும் இல்லாததால் துவள்வதற்கு எதுவும் இல்லை, தின்று முடிக்கப்போவதும் ஒரே இரவில். கடலையை எண்ணெயில்லாமல் மணலில் வறுப்பது நல்லது. சூடான ஆற்றுமணல் எல்லாப் பக்கமும் ஒரே சூட்டைக் கொடுக்கும், ஒரு கடலைகூடப் பாதி கருகிப் பாதி பச்சையாக நிற்காது. வறுத்து இறக்கும் நேரத்தில் உப்புத் தண்ணீர் தெளித்து மறுபடி காயவைத்தால் வியர்வையில் போகும் உப்புக்கும் ஈடாகும். கருப்பட்டியைத் தவிர்த்துப் பனங்கற்கண்டைச் சேர்ப்பது ஏனென்றால், கருப்பட்டி காற்றின் ஈரத்தில் கசிந்து மற்றவற்றில் ஒட்டும். அடிவாரத்தில் வனத்துறையினர் பிளாஸ்டிக்கைச் சோதித்துத்தான் மேலே விடுகிறார்கள். சுருக்குப்பை வடிவில் தைத்த பருத்தித் துணிப்பை இதற்குப் போதும். நம் பழைய வழிப்பயணத் தீனியான பொருள்விளங்கா உருண்டையிலும் இதே கணக்குதான் இருந்தது. வறுத்த அரிசியும் பயறும் கடலையும் சுக்கும் தேங்காய்ச் சில்லும் வெல்லப்பாகில் இறுகிக் கல்லாகி, வாரக்கணக்கில் கெடாமல் வண்டிப்பாதையெல்லாம் கூட வந்தன.

கடைமிக்சரைப் பழிக்க எனக்கு மனமில்லை. அதிகாலையில் எழுந்து, கரிப்புகையில் நின்று, ஊருக்கே பொரித்துப்போடும் பலகாரக்கடைத் தொழிலாளிகளின் கைத்திறன் எந்த வீட்டுக்கும் வராது. சாத்தூர்க் காராச்சேவின் பதத்தை வீட்டில் முயன்றவர்களுக்கு அது தெரியும். ஆனால் எண்ணெய் என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. ஒரே எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் முனைவுச் சேர்மங்கள் பெருகுகின்றன. அவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்பு 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. பொட்டலத்தில் அது அச்சாகியிருக்காது. மூக்கு சொல்லும். டின்னைத் திறந்ததும் சிக்கு வாடை வந்தாலோ, தொண்டையில் காறல் நின்றாலோ அந்த மிக்சரை விட்டுவிட வேண்டும். வீட்டில் என்ன எண்ணெய், எத்தனையாவது தடவை என்பது பொரித்தவருக்குத் தெரியும். அந்தத் தெளிவு ஒன்றுக்காகவே வீட்டு மிக்சருக்கு ஒரு நாளைச் செலவழிக்கலாம்.

இன்னொன்றும் வீட்டில்தான் சாத்தியம். யாருக்கு என்று தெரிந்து கலப்பது. கடையின் கலவை முகமறியாத எல்லாருக்கும் ஆனது. வீட்டில் தாத்தாவுக்கு மேல்வரிசைப் பல் இல்லை, அவருக்கு ஓமப்பொடியும் பூத்த அவலும் கூடுதலாக, கடலையை விட்டு ஒரு சிறு டப்பா. அக்காவின் மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாது. உதடு வீங்கி மூச்சுத் திணறும் ஒவ்வாமை அது, விளையாட்டில்லை. அவனுக்கானதை எண்ணெய் புதிதாக இருக்கும்போது முதலிலேயே பொரித்து எடுத்து வேறு பாத்திரத்தில் மூடிவைத்துவிட்டுத்தான் கடலையைச் சட்டிக்குக் கொண்டுவர வேண்டும். கோதுமை ஆகாதவர்களுக்குக் கூட்டுப் பெருங்காயமும் ஆகாமல் போகலாம், அதில் மைதா சேர்ந்திருக்கும். கட்டிப் பெருங்காயமானாலும் கேட்டு வாங்க வேண்டும். தனித்தனியாகப் பொரிப்பதின் பயன் இந்த இடத்தில்தான் முழுதாகத் தெரிகிறது. கடைசி நிமிடம்வரை எதுவும் எதோடும் சேராததால், ஒரே நாள் உழைப்பில் நான்கு பேருக்கு நான்கு கலவை செய்ய முடிகிறது.

பொதுடின்னில் நடக்கும் பொறுக்கலையும் நான் குற்றமாக எண்ணுவதில்லை. முந்திரியைத் தேடுகிறவர், கறிவேப்பிலையை மட்டும் நொறுக்கித் தின்கிறவர், பூண்டுப் பல் கிடைத்தால் முகம் மலர்கிறவர் என்று ஒவ்வொருவரின் விரலும் டின்னுக்குள் தன் வழியில் போகிறது. குழந்தைகளை அதற்காக அதட்டுவார்கள். அதட்ட வேண்டியதில்லை. யார் எதைத் தேடுகிறார்கள் என்று கவனித்தால் அடுத்த முறை எதைக் கூட்டிப்போட வேண்டும் என்பது தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் கறிவேப்பிலையின் அளவு இப்படித்தான் ஆண்டுக்காண்டு ஏறியது. எழுதிவைத்த செய்முறை எதிலும் அவ்வளவு கறிவேப்பிலை இருக்காது.

இதையெல்லாம் சொல்லும்போது, அடுப்பின் முன்னால் இருந்தது யார் என்ற கேள்வியை விட்டுவிட்டுப் போக முடியாது. எண்ணெய்ச் சூட்டில் முகம் காந்த, முதுகு நோக, இரவு பதினோரு மணிக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தவர்கள் பெண்கள்தான். கைமணம் என்று புகழ்ந்தவர்கள் முறத்தைத் தொட்டதில்லை. அந்தப் புகழைக் கேட்டுக்கொண்டே பல வீடுகளில் மிக்சர் செய்வதை நிறுத்தினார்கள், அது நியாயம்தான். வீட்டு மிக்சர் திரும்ப வேண்டும் என்று விரும்புகிறவர்கள் ஒரு பெண்ணின் இடுப்பு வலியின் மேல் அதைக் கேட்கக் கூடாது.

ஆனால் இந்தப் பண்டத்தின் அமைப்பு வேலையைப் பிரித்துக்கொள்ள இடம் தருகிறது. அதிரசத்தில் பாகு பார்க்கும் கண் ஒன்றுதான் இருக்க முடியும், மற்றவர்கள் சுற்றி நிற்கலாம். மிக்சரில் அப்படியில்லை. கடலை பொறுக்குவது குழந்தைக்கும் முதியவருக்கும் ஆகும். கறிவேப்பிலை உருவித் துடைப்பது ஒருவருக்கு, பூண்டு நசுக்குவது இன்னொருவருக்கு, உப்பும் மிளகாயும் பொடிப்பது வேறொருவருக்கு. ஓமப்பொடி அச்சைப் பிழிய வேண்டியது தோள்வலு, அதற்கு ஆண்கள் உட்காரலாம். அரிகரண்டி பிடிப்பவர் ஈட்டுக்கு ஈடு மாறிக்கொள்ளலாம். மதுரையில் என் சித்தி ஒரு தீபாவளிக்கு முன்னால் சித்தப்பாவிடம், "ஏங்க, மாவு நான் பெசஞ்சு தர்றேன், பிழியுறது நீங்கதான். இல்லன்னா இந்த வருசம் கடையில வாங்கிக்குவோம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். போக்குவரத்துக் கழகத்தில் காலமெல்லாம் வண்டி ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர் அவர். முதலில் சட்டிக்கு மிக உயரத்தில் பிடித்துப் பிழிந்தார், எண்ணெய் தெறித்தது. பிறகு கை தாழ்ந்தது, சுற்று சீரானது. சட்டிக்கு முன்னால் உட்காரும் கை வேறொன்றாகும்போது பேச்சும் மாறுகிறது என்பதை அந்த வீட்டில் பார்த்தேன். இப்போது ஐப்பசி பிறந்ததும் அவர்தான் முதலில் கேட்கிறார், பருப்பைக் காயவைத்தாயிற்றா, எந்த மில்லில் கொடுப்பது, போன தடவை மாவு கொஞ்சம் கரகரப்பாக இருந்ததே, சல்லடையை மாற்றச் சொல்லலாமா என்று.